சப்வூஃபர் வந்த கதை



போன வருஷம் ஆடித் திருவிழா, மூன்றாம் நாள் உபயம். அம்மனுக்குப் பால் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தபோது மண்டபத்தில் "டொம்ம்ம்" என்று ஒரு சத்தம் வந்ததே, ஞாபகம் இருக்கா? கூரை ஜிங்க் அதிர்ந்து, சுவரில் மாட்டியிருந்த படம் ஒருபக்கமாகச் சாய்ந்து, முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுததுகளே, அந்தச் சத்தம்தான். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் டிரான்ஸ்பார்மர் வெடித்தது என்றார். ஒருத்தர் சமையல்கட்டு கேஸ் தோம்பு என்றார். இன்னொருத்தர் "அம்மன் வந்துட்டா" என்று எழுதியிருந்தார். அம்மன் எப்போதும் அங்கேதான் இருக்கிறாள். அன்றைக்கு வந்தது சப்வூஃபர். வரவழைத்தது நான்.

ஒரு வருஷமாக ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். தலைவர் கூப்பிட்டு, "இந்த ஆடிக்கு முன்னாடி நீயே எழுதிப் போட்டுருப்பா, அப்பதான் அடுத்தவனும் அதே பட்டனை அமுக்க மாட்டான்" என்றார். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய கதை. நம்ம கோயில் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த காலத்தில் நமக்குத் தெரிந்த ஸ்பீக்கர் ஒன்றே ஒன்றுதான், மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர். ஆடி பிறந்தால் அதில் எல்.ஆர். ஈஸ்வரி அம்மா பாட ஆரம்பிப்பார். கோயில் இருந்தது முதல் டிவிஷனில். பாட்டு ரெண்டாவது டிவிஷன் வரைக்கும் கேட்கும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கும் கேட்கும், மரத்தடியில் மங்கு எடுத்து வைக்கிறவர்களுக்கும் கேட்கும். அந்த ஸ்பீக்கர் அதற்காகவே செய்யப்பட்டது. மனுஷக் குரலை ரொம்ப தூரத்துக்குக் கொண்டுபோகும். ஆனால் அடிச் சத்தம் அதில் வராது. வாய் சின்னது, உள்ளே அதிரும் தகடும் சின்னது. தவில் அடித்தால் "டக் டக்" என்று வரும். "தொம்" வராது. நாங்கள் பிறந்ததிலிருந்து அதைத்தான் கேட்டோம். தவில் கச்சேரி ரேடியோவில் வந்தாலும் அப்படித்தான், கேசட்டிலும் அப்படித்தான். எதிரே நின்று கேட்டால் ஒரு மாதிரி, குழாயில் கேட்டால் ஒரு மாதிரி. அது இயற்கை என்று நினைத்துக்கொண்டோம்.

அப்புறம் ரப்பர் போய் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் காலியாச்சு. சனம் சிரம்பான், செனாவாங், ரந்தாவ் டவுன் என்று தாமான்களுக்குப் பிரிந்து போனது. அம்மனும் நம்மோடு கிளம்பி இப்போது இருக்கிற இடத்துக்கு வந்தாள். இங்கே மரமும் இல்லை, ரெண்டாவது டிவிஷனும் இல்லை. முப்பது அடி தள்ளி எதிர்வரிசை வீடு. குழாய் ஸ்பீக்கர் வைத்தால் போலீசுக்குப் போன் போகும். அதனால் மண்டபத் தூணில் ரெண்டு சின்னப் பெட்டி, ஒரு பழைய ஆம்ப், ஒரு மைக். அவ்வளவுதான் ரொம்ப வருஷமாக.

எங்கம்மா கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டது இந்த இடத்துக்கு வந்த பிறகுதான். அம்மாவுக்கு இப்போது எழுபத்தொன்பது. முட்டிவலி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கேட்டதுக்கு, "அங்க வந்து என்னடா செய்றது, வாய் அசையிறது தெரியுது, ஒண்ணும் கேக்கல, இரைச்சல் மட்டும் கேக்குது" என்று சொல்லிவிட்டது. எங்கப்பா நம்ம தோட்டத்துக் கோயிலில் உறுமி அடித்தவர். பழைய ஆட்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத் திருவிழா என்றால் உறுமிதான். இப்போது உறுமி மேளம் வரவழைத்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் நம்ம உபயக்காரர் ஒருத்தர் வீட்டு ஹாலில் இருந்த ஹோம் தியேட்டர் செட்டைக் கோயிலுக்குக் கொடுத்தார். மகன் சிங்கப்பூரில் வீடு வாங்கிவிட்டான், இங்கே படம் பார்க்க ஆள் இல்லை. ஒரு ரிசீவர், அஞ்சு ஸ்பீக்கர், அதோடு ஒரு கறுப்புப் பெட்டி, பத்து இஞ்சி சப்வூஃபர். நான் பிழைப்புக்கு ஏர்கோன் ரிப்பேர் செய்கிறவன். கம்ப்ரஸரையே மாட்டுகிறேன், இதை மாட்ட முடியாதா என்று வாங்கிக்கொண்டேன். அந்தத் திமிர்தான் பிறகு "டொம்ம்ம்" என்று கேட்டது.

மாட்டுவது உண்மையிலேயே சுலபம்தான். ரிசீவருக்குப் பின்னால் "சப்வூஃபர் ப்ரீ அவுட்" என்று எழுதின ஒரு துளை இருக்கும். வட்டமான ஆர்சிஏ துளை, பழைய வீசிஆரில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று சொருகுவோமே, அதே வகை. ஸ்பீக்கர் வயர் மாதிரி ரெண்டு கம்பி இழுக்கத் தேவையில்லை. ஒரே ஒரு கேபிள் போதும். சப்வூஃபருக்கு உள்ளேயே சொந்தமாக ஆம்ப் இருக்கிறது, அதனால்தான் அது தனியாகச் சுவரில் கரண்டு எடுக்கிறது. ரிசீவர் அதற்குப் பலம் கொடுப்பதில்லை, செய்தி மட்டும் சொல்லி அனுப்புகிறது. அந்தக் கேபிளின் மறுமுனையைச் சப்வூஃபரில் "எல்எஃப்இ" என்று போட்ட துளையில் சொருக வேண்டும். சில பெட்டியில் எல்எஃப்இ என்று இருக்காது, இடது வலது என்று ரெண்டு துளை இருக்கும். அப்போது இடதுபக்கத்தில், "மோனோ" என்றும் எழுதியிருக்கிற துளையில் சொருகினால் சரி.

சொருகினேன். மிக்ஸரிலிருந்து மைக்கையும் பாட்டையும் ரிசீவருக்குக் கொடுத்தேன். தூண் ஸ்பீக்கர் ரெண்டும் பாடியது. கறுப்புப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. கையை வைத்துப் பார்த்தேன், துணியைத் தொட்டேன், காதை ஒட்டினேன். செத்த கிடங்கு மாதிரி இருந்தது. பின்னால் வால்யூம் குமிழ் இருந்தது, பாதிக்குத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. முழுசாகத் திருப்பினேன். அப்பவும் ஒன்றும் இல்லை. பெட்டி போயிருச்சு, உபயம் கொடுத்தவர் மனசு நோகக் கூடாது என்று அப்படியே துணி போட்டு மூடி வைத்துவிட்டேன். குமிழைத் திரும்பக் குறைக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் உபயத்தில், பாட்டின் சத்தம் கம்மியாக இருக்கிறதென்று யாரோ ஒரு பிள்ளை ரிமோட்டை எடுத்து ஏதேதோ அமுக்கியிருக்கிறது. அந்தப் பிள்ளையைத் திட்ட வேண்டாம், அது நல்லதுதான் செய்தது. ரிசீவர் அதுவரை "டைரக்ட்" என்கிற முறையில் இருந்தது. அந்த முறையில் போட்டால் பல ரிசீவர்கள் பாட்டை எந்தக் கலப்பும் இல்லாமல் நேராக முன் ஸ்பீக்கருக்கு மட்டும் அனுப்பும். சப்வூஃபரை எட்டிக்கூடப் பார்க்காது. பெட்டி சாகவில்லை, அதற்குச் செய்தியே போகவில்லை. பிள்ளை அமுக்கியதும் முறை மாறியது, தவிலின் அடி முழுவதும் முழு வால்யூமில் திறந்து வைத்திருந்த பெட்டிக்குப் போனது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை எதிர்வீட்டு பாக்சிக் கேட் வரைக்கும் வந்தார். நான் பயந்துகொண்டே போனேன். கோபமாகப் பேசவில்லை. "லாகு தாக் டெங்கார், தாப்பி திங்காப் பெர்கெகார்" என்றார். பாட்டு கேட்கல, ஆனா ஜன்னல் ஆடுது. வீட்டில் ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற மகன் இருக்கிறான் என்றும் சொன்னார். எனக்கு அது ரொம்ப நேரம் மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுக்காரருக்குப் பாட்டு கேட்கவில்லை, அடி மட்டும் கேட்கிறது. எங்கம்மாவுக்கும் கிட்டத்தட்ட அதேதானே, பேச்சு கேட்கவில்லை, இரைச்சல் மட்டும் கேட்கிறது.

சிரம்பானில் கல்யாணத்துக்கு சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிற தம்பி ஒருத்தர் எனக்குப் பழக்கம். அவரைக் கூட்டி வந்தேன். வந்ததும் முதல் வேலையாக வால்யூம் குமிழைக் கீழே இறக்கினார். பிறகு என்னை உட்கார வைத்து விளக்கினார். நான் அவரிடம் கற்றுக்கொண்டதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் இங்கே சொல்கிறேன். வீட்டில் இப்படி ஒரு செட் வைத்திருக்கிறவர்களுக்கும் உதவும்.

மனுஷக் காது நொடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரைக்கும் கேட்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த அதிர்வுக் கணக்குக்குத்தான் ஹெர்ட்ஸ் என்று பெயர். சப்வூஃபர் வேலை செய்வது இந்த ஏணியின் கீழ்ப்படிகளில் மட்டும், பொதுவாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே. அதற்கு மேலே வருவதைத் தூண் ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும். இந்த எல்லைக்கோட்டை ரிசீவரின் மெனுவில் நாமே போட வேண்டும். அதற்கு முன்னால் "சப்வூஃபர் இருக்கிறது" என்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ரிசீவருக்கு அது இருப்பதே தெரியாது. பிறகு முன் ஸ்பீக்கர்களை "ஸ்மால்" என்று வைக்க வேண்டும். நான் இதில்தான் சண்டை போட்டேன். நம்ம ஸ்பீக்கர் சின்னது இல்லையே என்றேன். தம்பி சிரித்தார். ஸ்மால் என்றால் உருவம் இல்லையாம். "அடிச் சத்தத்தை நீ தூக்க வேண்டாம், சப்வூஃபரிடம் கொடுத்துவிடு" என்று சொல்வதாம். "லார்ஜ்" என்று வைத்தால் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் தானே சுமக்கும், சப்வூஃபர் சும்மா உட்கார்ந்திருக்கும். கோயில் வேலையிலும் இப்படி ஆட்கள் உண்டு, பெயர் வேண்டாம்.

சப்வூஃபரின் முதுகிலும் ஒரு எல்லைக்குமிழ் இருக்கிறது. ரிசீவர் ஏற்கெனவே கோடு போட்டுவிட்டதால் அதை முழுக்க மேலே திருப்பி வைத்துவிட வேண்டும். ரெண்டு பேரும் கோடு போட்டால் நடுவில் ஒரு துண்டு காணாமல் போகும். இன்னொரு சின்னச் சுவிட்ச், 0 என்றும் 180 என்றும் இருக்கும். அது என்னவென்றால், தேர் வடம் இழுக்கும்போது ஒரு பக்கம் முன்னால் இழுக்க, மறுபக்கம் பின்னால் இழுத்தால் தேர் நகருமா? ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும் நேரத்தில் சப்வூஃபர் காற்றை உறிஞ்சினால் ரெண்டும் அடித்துக்கொண்டு சத்தம் காணாமல் போகும். ஒருத்தர் சுவிட்சை மாற்ற, இன்னொருத்தர் ஜனங்கள் உட்காரும் இடத்தில் இருந்து கேட்டு, எதில் அடி கனமாக வருகிறதோ அதில் விட்டுவிட வேண்டும். நமக்கு 180 சரியாக வந்தது. உங்கள் வீட்டில் 0 சரியாக வரலாம்.

எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு முழுச் சாயங்காலம் போனது. நான் மூலையில் வைத்திருந்தேன், அழகாக மறைவாக இருக்கும் என்று. மூலையில் வைத்தால் சுவர்கள் சேர்ந்து சத்தத்தைப் பெருக்கிவிடும். போதாக்குறைக்கு அது எதிர்வீட்டுப் பக்கத்து மூலை. தம்பி ஒரு வழி சொன்னார். சப்வூஃபரை அம்மாமார்கள் உட்காரும் இடத்தில் வைத்து, உறுமி மேளப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, நாம் தரையோடு தவழ்ந்து போய்க் கேட்க வேண்டும். எந்த இடத்தில் அடி தெளிவாக, வீங்காமல் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட்டால் அவர்கள் உட்காரும் இடத்தில் அதே மாதிரி கேட்கும். நானும் தம்பியும் பொருளாளரும் மண்டபத்தில் முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தோம். விளக்கு போட வந்த பாட்டி ஒருத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, "என்ன வேண்டுதல் சாமி, மூணு பேரும் சேர்ந்து பண்றீங்க" என்று கேட்டார். பொருளாளர் எழுந்தவர்தான், பிறகு தவழவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. சத்தம் காற்றில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. 40 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை எட்டரை மீட்டருக்கு மேல் நீளம். நம்ம மண்டபமே அதைவிடக் கொஞ்சம்தான் நீளம். அலை போய்ச் சுவரில் மோதித் திரும்பும்போது சில இடத்தில் குவிந்துவிடும், சில இடத்தில் ஒன்றுமே இருக்காது. உண்டியல் பக்கத்தில் நின்றால் வயிறு அதிரும், ரெண்டு எட்டு தள்ளினால் காணோம். பெட்டியை அரை மீட்டர் நகர்த்தினாலே கணக்கு மாறும். கடைசியில் வாகன அறைக் கதவுக்கு இந்தப் பக்கம், சுவரை ஒட்டாமல் வைத்தோம். அடியில் கனமான ரப்பர் விரிப்பு போட்டு, அதன் மேல் ஒரு சிமெண்ட் பலகை. தரை வழியாகப் போகும் அதிர்வு கொஞ்சம் குறைந்தது. ஜிங்க் கூரையின் தளர்ந்த ஆணிகளை முறுக்கினோம். ஒரு குத்துவிளக்கின் தட்டு ஒரே ஒரு சுருதிக்கு மட்டும் "ஙிங்" என்று அழுதது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்.

1974ல் அமெரிக்காவில் "எர்த்குவேக்" என்று பூகம்பத்தைப் பற்றி ஒரு படம் வந்தது. தியேட்டருக்குள்ளேயே பூமி ஆடுகிற மாதிரி உணர வைக்கப் பெரிய பெரிய சப்வூஃபர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்துத் தியேட்டரில் அமைதியான படம் பார்த்தவர்களுக்கும் நாற்காலி ஆடியதாம். இதைப் படித்தபோது பாக்சிக் நினைப்புதான் வந்தது. மேல் சத்தத்தைச் சுவர் தடுக்கும், கீழ்ச் சத்தத்தை லேசில் தடுக்காது. அதனால்தான் அவருக்குப் பாட்டு போய்ச் சேரவில்லை, அடி மட்டும் போய்ச் சேர்ந்தது.

அடுத்தது இரைச்சல். எல்லாம் மாட்டி முடித்த பிறகு பாட்டு இல்லாத நேரத்திலும் பெட்டியில் "உம்ம்ம்" என்று ஒரே மாதிரி ஒரு சத்தம். நம்ம நாட்டுக் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அது ஒயருக்குள் புகுந்து பாடுகிறது. மிக்ஸருக்குக் கருவறைப் பக்கத்துப் பிளக்கில் கரண்டு, ரிசீவருக்கு மண்டபத்தில் வேறு பிளக், சப்வூஃபருக்கு இன்னொன்று. மூன்றுக்கும் மூன்று எர்த் பாதை, அவற்றை ஆடியோ கேபிள் ஒன்றோடொன்று இணைத்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. அப்போது பக்கத்தில் நின்ற ஒருத்தர், "சப்வூஃபர் பிளக்கில் எர்த் கம்பியைக் கழட்டி விடு, சத்தம் நின்னுரும்" என்றார். நிற்கும், உண்மைதான். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தும் விட்டேன். நம்ம வயர்மேன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், இது அபிஷேகத் தண்ணி ஓடுற இடம். ஈரக் காலோட பிள்ளைங்க ஓடுற இடம். உள்ள ஒரு கம்பி கழண்டு இரும்புல பட்டா அந்தக் கரண்டு போறதுக்கு எர்த்த விட்டா வேற வழி ஏது? அதையும் நீ எடுத்துட்டா, அடுத்து தொடுறவன் உடம்புதான் வழி" என்றார். நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டில் யாராவது இப்படிச் செய்து வைத்திருந்தால் இன்றைக்கே திரும்ப மாட்டிவிடுங்கள். சரியான வைத்தியம் ரொம்ப சாதாரணம், எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்டு எடுப்பது. மிக்ஸரை மண்டபத்துக்குக் கொண்டு வந்தோம், மைக் ஒயரை மட்டும் நீளமாக விட்டோம். இரைச்சலில் முக்கால்வாசி போனது. மிச்சத்துக்கு ஆடியோ கேபிளுக்கு நடுவில் சொருகும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் டப்பி, எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கிறது. போய்விட்டது.

இனிமேல் எல்லாம் நல்லபடி என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு தேவார வகுப்புப் பிள்ளைகள் பாடினார்கள். முடிந்ததும் பெரியவர்கள் நாலு பேர் என்னிடம் வந்து, "முன்னாடி பாதியாவது புரிஞ்சுது, இப்ப ஒண்ணுமே புரியலப்பா" என்றார்கள். கோபம் வந்தது, சொல்வதற்கென்ன. வாரம் முழுக்கத் தவழ்ந்தது யாரு?

ஆனால் அவர்கள் சொன்னது சரி. கீழ்ச் சத்தம் கூடினால் மேலே இருக்கும் மெல்லிய சத்தத்தை அது விழுங்கிவிடும். நாம் பேச்சைப் புரிந்துகொள்வது க, ச, த, ப என்கிற வல்லெழுத்துகளின் கூர்மையால். அதெல்லாம் மேல்படியில் இருக்கிறது. வயசாக ஆகக் காது முதலில் இழப்பதும் அந்த மேல்படியைத்தான். அதனால்தான் வயசானவர்களுக்குச் சத்தம் கேட்கும், வார்த்தை கேட்காது. எங்கம்மா சொன்ன "இரைச்சல்" அதுதான். நாம் வால்யூமைக் கூட்டக் கூட்ட அவர்களுக்கு இரைச்சல்தான் கூடுகிறது. இத்தனை வருஷமாக, "பெரியவங்களுக்குக் கேக்கல, ஏத்து ஏத்து" என்று நான் ஏற்றியது முழுக்கத் தப்பு.

இப்போது மைக் பேச்சுக்கும் தேவாரத்துக்கும் சப்வூஃபர் கிடையாது. மிக்ஸரிலேயே மைக்குக்கு அடிச் சத்தத்தை வெட்டிவிடும் ஒரு பட்டன் இருக்கிறது, அது எப்போதும் அமுங்கியே இருக்கும். தூண் ஸ்பீக்கரைக் கீழே இறக்கி, பெரியவர்கள் உட்காரும் உயரத்துக்குத் திருப்பி வைத்தோம். வால்யூம் முன்பைவிடக் குறைவு. போன மாசம் குருக்கள் அறிவிப்புச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா பதில் சொன்னார். குருக்களே கொஞ்சம் பதறிவிட்டார்.

சப்வூஃபர் மேளத்துக்கும் பாட்டுக்கும் மட்டும்.

இப்போது கேசட் விஷயம். அம்மா வீட்டு பிஸ்கட் டின்னில் பழைய பிறப்புப் பத்திரம், ரப்பர் பால் கணக்குச் சீட்டு இவற்றோடு ஒரு கேசட் இருந்தது. மேலே நீல மையில் "ஆடி 1989" என்று சித்தி கையெழுத்து. தோட்டத்துக் கோயில் திருவிழாவை யாரோ ரேடியோ கேசட் செட்டில் பதிவு செய்தது. முன்பு ஒரு தடவை அதைக் கோயிலின் பழைய செட்டில் போட்டுப் பார்த்தேன். கூட்டச் சத்தம், சிலம்பு, "டக் டக்" என்று ஒரு குச்சிச் சத்தம். அப்பா இல்லை என்று எடுத்து வைத்துவிட்டேன்.

உறுமிக்கு ரெண்டு முகம். ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள், இன்னொரு முகத்தை வளைந்த குச்சியால் இழைப்பார்கள். உறுமுவது அந்த இழைப்புதான். சின்ன ஸ்பீக்கருக்கு அடி மட்டும்தான் தெரியும். அப்பாவின் வலது கை மட்டும் கேட்டது, இடது கை கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம், கோயிலில் ஆள் இல்லாத நேரம், அம்மாவைக் காரில் கூட்டி வந்து நடு மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கேசட்டைப் போட்டேன். போட்டதும் "உம்ம்ம்" என்று ஒரே மாதிரி இரைச்சல். வயர்மேன் அண்ணனும் தம்பியும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஓடிப் போய் ஒயரை எல்லாம் ஆட்டிப் பார்த்தேன். அம்மாதான் சொன்னது, "கோயில் பின்னாடி இஞ்சின் ஓடுது." தோட்டத்து ஜெனரேட்டர். கேசட்டிலேயே இருக்கிறது.

அதற்கு மேலே உறுமி வந்தது. பெரிதாக இல்லை. ஒரு சின்ன மைக்கில் பிடித்த கேசட்டில் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான், சப்வூஃபர் இல்லாததை உண்டாக்காது. ஆனால் இருந்தது. ரெண்டு அடிக்கு நடுவில், தரை வழியாக வருகிற மாதிரி, ஒரு இழுப்பு. அம்மா காதைத் தீட்டவில்லை, முன்னால் சாயவில்லை. நாற்காலிக் கையில் விரலை வைத்துக்கொண்டு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கடைசில இழுத்து விடுவாரு, பாரு" என்றது. சுற்று முடிகிற இடத்தில் அந்த இழுப்பு அரை நொடி தாமதமாக வந்து நின்றது. அடுத்த சுற்றிலும் அப்படியே. "அதுக்காகப் பெரிய கங்காணி எத்தன தடவ ஏசுவாரு, ஆடுறவங்களுக்குக் கால் மாறுதுன்னு. கேக்கவே மாட்டாரு."

எனக்குத் தெரியாது அது. நான் பிறந்து வளர்ந்ததே அந்த உறுமியைக் கேட்டுத்தான், அதை அப்பாவின் பழக்கம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ரெண்டாவது பக்கத்தில் பாதிக்கு மேல் யாரோ அழித்து சினிமாப் பாட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். சித்தியாகத்தான் இருக்கும். கேட்டால் இல்லை என்கிறது.

சரி, இந்த ஆடிக்கான விஷயங்கள். பாக்சிக்கிடம் நானும் தலைவரும் போய்ப் பேசிவிட்டு வந்தோம். மேளம் நாளில் ராத்திரி ஒன்பதுக்குச் சப்வூஃபர் சுவிட்சை அணைத்துவிடுவோம், பாட்டு மெதுவாக ஓடும். மகனுக்கு ஷிப்ட் இருக்கும் பகல்களை அவர் முன்கூட்டியே சொல்வார், அன்றைக்குப் பகலில் போடமாட்டோம். அவர் பேரப்பிள்ளைகளுக்குப் பொங்கல் கொடுத்து அனுப்ப வேண்டும், அக்காமார்கள் மறக்க வேண்டாம்.

ரிமோட் அர்ச்சனைச் சீட்டு மேசையின் ரெண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. சிவப்பு டேப் ஒட்டிய பட்டனை அமுக்க வேண்டாம். சப்வூஃபர் பின்னால் உள்ள குமிழில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன், அந்தக் கோட்டைத் தாண்டித் திருப்ப வேண்டாம். அடி கம்மியாகத் தெரிந்தால் முதலில் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ரெண்டு எட்டு நகர்ந்து பாருங்கள். அப்பவும் இல்லையென்றால் எனக்குப் போன் பண்ணுங்கள்.

யார் வீட்டிலாவது தோட்டத்துத் திருவிழா கேசட் இருந்தால் கொண்டு வாருங்கள். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் நீங்கள் எதிலும் போட்டுப் பார்க்காதீர்கள், டேப் அறுந்துவிடும், செட்டின் தலையும் கெட்டுவிடும். நம்ம ஈரக் காற்றில் பாதிக் கேசட் அப்படித்தான் இருக்கும். அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுங்கள், மேலே பெயரும் எந்த டிவிஷன் என்பதும் எழுதி. தம்பி அதைச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காசு வேண்டாமாம், புதன்கிழமை மத்தியானம் கோயிலில் இருப்பாராம். எங்கம்மாவும் இருக்கும்.